உன் அக்காவுக்குப் பூக் கட்டிப் பார்க்க மாட்டேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, பயம். பயம் வந்தால் எனக்கு வாய் கட்டிவிடும் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது, எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள். சொல்லுகிற விஷயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், பிழை என்று பட்டால் பிழை என்று சொல்லு. கோயில் திருவிழா மலர்ப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அம்மா என்று கேட்டிருந்தார்கள். இதையே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உன் பெயரைப் போடவில்லை. ஆள் வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுகிற வீடுகள் எங்கள் சனத்தில் பல உண்டு. அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைகளின் தாய்மாரும் வாசிக்கட்டும். முதலில் நீ வாசி. வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன்.

மற்றவர்களும் வாசிப்பதானால், உனக்குத் தெரிந்ததையும் நான் திரும்பச் சொல்லித்தான் ஆகவேண்டும். உன் அக்கா கலாவுக்கு முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்தபோது வெளியே வர நெடுநேரம் எடுத்தாள், வந்தபோது மூச்சடங்கி நீலமாய்க் கிடந்தாள். கை கால் அவள் சொல் கேட்பதில்லை. பேச்சு இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறாள். நான் ஊட்டுகிறேன், கழுவுகிறேன். காலையில் வாகனம் வந்து பகல் நிலையத்துக்கு ஏற்றிப்போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விடுகிறது. உன் அப்பா போன பிறகு, ஜெர்மனியில் ஹம் நகரத்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த நாட்டில் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால், தாய் என்றாலும் அவளுக்காகக் கையெழுத்துப் போட ஏலாது. நீதிமன்றம் ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும், அவரைப் 'பெற்றொயர்' என்பார்கள். இதுவரை அது நான். இப்போது என் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. கோயில் தேர் முடிந்த கையோடு எனக்கு ஒப்பரேசன். முடிந்து வந்தாலும் முந்தினபடி இவளைத் தூக்கி எடுக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் பொறுப்பை உன் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம். நீதிபதி வீட்டுக்கே வந்து அக்காவைப் பார்ப்பார். அதற்குப் பிறகு இவளுக்கு மூச்சு முட்டுகிற நாளில், என்ன செய்ய என்று டொக்டர்மார் கேட்கப் போவது உன்னைத்தான்.

அதை யோசித்து யோசித்துத்தான் நீ அந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறாய். "அம்மா, தேருக்கு நாங்கள் எல்லாரும் வாறம். அண்டைக்கு ஊன்ட்றொப் கோயில்ல அம்பாளிட்டப் பூக் கட்டிப் பாப்பம். வெள்ளை வந்தா, திரும்ப வருத்தம் வாற நேரம் மெஷின் போடச் சொல்லுவம். சிவப்பு வந்தா, போட வேண்டாம் எண்டு நீதிபதியிட்ட இப்பவே சொல்லி வைப்பம். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ எந்தக் காலத்தில அம்பாளைக் கும்பிட்டனி? தேருக்கு வந்தாலும் கச்சான் கடையடியிலதானே நிக்கிறனி" என்று கேட்டேன். "அதுதான் அம்மா, இவ்வளவு காலமும் அவவிட்ட ஒண்டுமே கேக்கேல்லை. ஒரே ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விடுவாவே?" என்றாய் நீயும் சிரித்துக்கொண்டு. சிரித்த கையோடு, "கட்டிப் பாப்பமே அம்மா?" என்று திரும்பவும் கேட்டாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

போன மாரித் தொடக்கத்தில் நடந்ததைத்தான் நீ இன்னும் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் நீ ஹனோவரிலிருந்து ஓடி வந்தாய். இளம் பெண் டொக்டர் ஒருத்தி எங்களைத் தனி அறைக்குள் கூட்டிப்போய் இருத்தினாள். நல்ல பிள்ளை, அவசரப்படாமல் கதைத்தாள். மூச்சுக்குக் குழாய் போட்டு மெஷினில் விடவேண்டி வரலாம், உங்கள் அக்கா அதை விரும்புவாரா என்று உன்னிடம் கேட்டாள். "அவருடைய வாழ்க்கையில் நல்லது என்று ஒன்றும் இருந்ததில்லை. இனியும் வேதனைப்பட அவர் விரும்ப மாட்டார்" என்று நீ ஜெர்மனில் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, மருந்து குடுத்துப் பாப்பினமாம். மெஷின் தேவைப்படாதாம்" என்றாய்.

எங்கள் வீட்டின் வாய் எப்போதும் நீதான். வந்த புதிதில் அலுவலகங்களில், பிறகு உன் அப்பாவின் புற்றுநோய்க்கு, எல்லாவற்றுக்கும் நீதான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாய். அப்பாவின் டொக்டர் அறிக்கைக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் கதைப்பார். நீ எங்களுக்குச் சொல்வது ஒரே வரி: "பயப்பிட வேண்டாமாம்." இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான். தாய் தகப்பனுக்கு நோகாத அளவுக்கு வடித்துத்தான் தருவார்கள். ஆனால் நான் முதியோர் இல்லச் சமையலறையில் வருடக்கணக்காக வேலை செய்தவள். எனக்கு ஜெர்மன் கதைக்கத்தான் வராது, கேட்டால் விளங்கும். அன்று இரண்டு பேச்சும் எனக்கு விளங்கியது. "மெஷின் வேணும். நான் தாய்" என்று என் உடைந்த ஜெர்மனில் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பொய் பிடிபட்டவனின் முகம் இல்லை அது. எனக்குத் தெரியக்கூடாது என்று நீ தனியே தூக்கிக்கொண்டு நின்ற ஒன்றை நான் கண்டுவிட்டேனே என்ற முகம்.

அதன் பிறகு நடந்ததை மெழுகி எழுத மாட்டேன். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று அவளுடைய கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். நீ கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதாய். "அம்மா, அவவின்ர கையைக் கட்டி வச்சிருக்கினம். அவ என்னையே பாத்துக்கொண்டு கிடக்கிறா. இது நாங்கள் அவவுக்குச் செய்யிற நன்மையே?" என்று கேட்டாய்.  அவள் வீடு வந்து சேர்ந்தாள். ஆனால் முந்தி சந்தோஷம் வந்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அது மெலிந்துவிட்டது. சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். வெள்ளை உடுப்பைக் கண்டால் உடம்பு விறைக்கிறது. ஆகையால் நீ கேட்டதைக் கல்நெஞ்சன் கேட்டது என்று யாராவது இதை வாசித்துச் சொன்னால், அவர்கள் அந்தக் கண்ணாடிக் கதவடியில் நிற்கவில்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

உன் கல்யாணத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக நின்று பொம்பிளைக்குப் பக்கத்துணை செய்வது எங்கள் வழக்கம். நாள் குறித்தவுடன் உன் பெரியம்மா வந்து, "தம்பி, தோழி எண்டா எழும்பி நிக்க வேணும், தட்டுப் பிடிக்க வேணும். சித்தியின்ர மகள் நிக்கட்டும். கலாவை முன்வரிசையில வடிவா இருத்துவம்" என்றா. நீ அப்போது கழுத்துப்பட்டி கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாய். கண்ணாடியைவிட்டுத் திரும்பாமல், "பெரியம்மா, எனக்கு இருக்கிறது ஒரு அக்கா. அவ தோழியில்லையெண்டா ஐயரும் வேண்டாம், மேளமும் வேண்டாம். பதிவு எழுதினதோட நிப்பாட்டுவம்" என்றாய். பெரியம்மா அதோடு சரி, பலகாரத்தட்டில் கை வைத்துவிட்டா. கூறைச்சேலைத் தட்டை அக்காவின் மடியில் வைத்து நாற்காலியை நீயே மணவறைக்குத் தள்ளி வந்தாய். மேளச் சத்தத்துக்கு அவள் துள்ளினாள், தட்டிலிருந்த தேங்காய் உருண்டு மணவறைக்கு அடியில் போய்விட்டது. ஐயர் பஞ்சகச்சத்தோடு முழங்காலில் நின்று தேடினார். புதுப்பொம்பிளை சுபா தலைகுனிந்திருக்கிற நேரத்தில் தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தப் படத்தை இன்னமும் வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். வருகிற ஆட்களுக்கு நானே காட்டுவேன், எனக்கு அதில் வெட்கமில்லை, பெருமைதான்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு விஷயம் உனக்கும் சுபாவுக்கும் தெரியாது. அவளுடைய சம்பந்தம் வந்தபோது நான் பூக் கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை இன்னொரு தாளிலும் மடித்து அம்பாளுக்கு முன்னால் போட்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு. ஆனால் எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. என்னோடு தொலைபேசியில் கதைத்தபோது, "மாமி, கலா மச்சாள் எனக்கு முன்னால சாப்பிடுவாவோ, வெக்கப்படுவாவோ?" என்று கேட்டிருந்தாள். அப்படிக் கேட்ட ஒரு பிள்ளையை விட மனம் வருமா. மடிப்புச் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லித் திரும்பக் கட்டினேன். திரும்பவும் சிவப்பு. பூ வாடிவிட்டது என்று புதுப்பூ வாங்கினேன். வெள்ளை வருமட்டும் கட்டினேன். அம்பாளும் களைத்துப்போய் வெள்ளையைத் தந்திருப்பா. நீங்கள் இரண்டு பேரும் சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் சிரித்து முடிந்ததும் யோசித்துப் பார். தாளை மடிக்கிற கைக்கு எது வேண்டும் என்பது மடிக்கும்போதே தெரியும். நீ மடித்தால் உன் கண்ணீர் மடிக்கும். நான் மடித்தால் என் பிடிவாதம் மடிக்கும். அதை அம்பாளின் வாக்கு என்று நீதிபதியிடம் போய்ச் சொல்லுவோம். அதனால்தான் உன் அக்காவுக்குப் பூக் கட்டிப் பார்க்க மாட்டேன்.

இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் இப்போது இதுதான் கதை. ஒல்லாந்தில் சட்டம் வைத்துவிட்டார்கள், அங்கே தாங்க முடியாத நோயாளி கேட்டால் டொக்டரே ஊசி போடலாம். இங்கேயும் அந்தக் கதவை எவ்வளவு திறக்கலாம் என்று பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றியிருந்து கதைக்கிறார்கள். போன நத்தார் விடுமுறையில் ஒரு பகல் நீ வந்திருந்தபோது இதைப் பார்த்துத்தான் நாங்கள் பிடுங்குப்பட்டோம். "அது வேற, அம்மா. அது வாயால கேக்கிற ஆக்களுக்கு மட்டும். கலாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றாய். "கேக்கத் தெரியாத ஆக்களுக்கு ஆர் கேப்பினம்?" என்றேன். "ஒருத்தரும் கேக்க மாட்டினம்." "அப்ப நீ ஆஸ்பத்திரியில கேட்டது?" நீ எழும்பி வெளியே போய்ச் சிகரெட் பற்றினாய். அப்படி நான் கேட்டிருக்கக் கூடாது. ஊசி போடுவதும் மெஷின் போடாமல் விடுவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். உயிர் போகிற வேதனையில் கிடந்து ஒருவர் தன் வாயால் கேட்டால் அதைப் பாவம் என்று அளக்கிற தராசும் என்னிடம் இல்லை. என்னுடைய பயம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தை எனக்குக் காட்டியவள் ஒரு பெண். பகல் நிலையத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து பேசினாள். சட்டம் படித்தவள், கழுத்துக்குக் கீழே அசைவில்லை, நாற்காலியை நாடியால் கைபிடியைத் தள்ளி ஓட்டுகிறாள். தொலைக்காட்சியில் பேசுகிற ஒவ்வொருவரும், எனக்கு இன்னொருவர் குண்டி கழுவிவிடுகிற நிலை வந்தால் நான் இருக்க மாட்டேன் என்கிறார்கள், அதைச் சொன்னதும் சபை தலையாட்டுகிறது, எனக்கு அது தினமும் காலை எட்டு மணிக்கு நடக்கிறது, பிறகு நான் வேலைக்குப் போகிறேன் என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. தன்னைக் கொல்ல யாரும் வரப்போவதில்லை என்று தனக்குத் தெரியும், ஆனால் தன்னைக் காண்கிறவர்களின் கண்ணில் அந்தத் தலையாட்டல் இருக்கிறது, அடுத்த முறை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதே கண்கள்தான் கட்டிலுக்கு மேலே குனியும் என்றாள். தம்பி, நான் வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவளுக்குத் திருப்பிக் கதைக்க வாய் இருக்கிறது. மெஷின் வேண்டுமென்று கேட்க வாய் இருக்கிறது. எங்களுடையவளுக்கு நாங்கள்தான் வாய். அந்த வாயும் களைத்துப்போனால்?

கீழ் வீட்டு ஹில்டெ அம்மாவிடம் இதைச் சொல்லிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எண்பது தாண்டியவள், கலாவுக்கு ஒவ்வொரு வெள்ளியும் கேக் கரைத்து ஊட்டுகிறவள். இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் தனக்கு ஒரு அண்ணன் இருந்ததைச் சொன்னாள். ஹிட்லரின் போர்க்காலத்தில், கலாவைப்போலப் பிள்ளைகள் இருந்த ஒரு விடுதியில் இருந்தவன். சாம்பல் நிறப் பேருந்தில் ஏற்றிப் போனார்களாம். கொண்டுபோன இடத்தில் கொன்றுவிட்டு, கொஞ்ச நாளில், சளிக்காய்ச்சலில் இறந்தான் என்று அறிவித்தார்களாம். "யார் வந்து ஏற்றினது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் ஆள் ஏற்றுகிறவர்கள் எப்படி வருவார்கள் என்பது எனக்குத் தெரியும், அதை நினைத்துக் கேட்டேன். "மரியாதையான ஆட்கள். கோட்டுப் போட்டவர்கள். என் அம்மாவுக்குக் கை கொடுத்துப் பேசினார்களாம்" என்றாள். இன்றைய டொக்டர்மாரை நான் அவர்களோடு சேர்க்கவில்லை. ஹில்டெயும் சேர்க்கவில்லை, அது வேறு காலம், இவர்கள் வேறு பிள்ளைகள் என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, கலாவுக்கு இருமல் வந்தால் மட்டும் தனக்கு இன்னும் நித்திரை வருவதில்லை என்றாள். என் பயத்துக்கு இந்த நாட்டில் வேர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் விஷயம் வேறு. ஒப்பரேசனுக்கு முன்னால் என் சொந்த விருப்பத்தைக் கேட்டார்கள். எனக்கு நினைவு திரும்பாது என்று ஆகிவிட்டால் மெஷினில் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டேன். நீ இதை வாசித்து, தனக்கு ஒரு நியாயம் மகளுக்கு ஒரு நியாயமோ என்று கேட்பாய். ஓம், அப்படித்தான். என் வாயால் எனக்கு நான் சொன்னேன். பேரப்பிள்ளை கண்டவள், ஊர் விட்டு ஊர் வந்து உங்களை ஆளாக்கினவள், போதும் என்று சொல்லுகிற உரிமை எனக்கு உண்டு. அவளுக்குப் போதும் என்று நான் எப்படிச் சொல்லுவேன்? போதாது என்றும் எப்படிச் சொல்லுவேன்?

இந்த இடத்தில்தான் இத்தனை நாளும் என்னால் எழுத முடியாமல் நின்றேன். உனக்கு நான் சொல்லியிருக்கிறேன், அவளுக்கு வேண்டும் என்றால் மேலே விளக்கைப் பார்ப்பாள், வேண்டாம் என்றால் உதட்டை இறுக்குவாள். ஆஸ்பத்திரியில் அந்த நாள் டொக்டரிடம் போகமுதல், மெஷின் என்று தாதிமார் கதைத்தது கேட்டு, நான் கட்டிலடியில் குனிந்து, "கலா, மெஷின் போடட்டோ மோனை?" என்று காதுக்குள் கேட்டேன். அவள் மேலே பார்த்தாள். அதை வைத்துத்தான் நான் அந்த அறையில் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். ஆனால் காய்ச்சல் உச்சியில் நின்றது, தம்பி. காய்ச்சலில் எல்லாருடைய கண்ணும் மேலே செருகும். அவள் எனக்கு ஓம் சொன்னாளோ, அல்லது நான் வெள்ளை வருமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேனோ, எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருடமாக அவளுடைய ஓம் இல்லையை வாசிக்கிற ஒரே ஆள் நான். நான் பிழையாக வாசித்தால் திருத்த ஒருவரும் இல்லை. நீ சொன்னது உன்னுடைய வேதனை என்று நான் நினைத்தேன். நான் சொன்னது மட்டும் அவளுடைய விருப்பம் என்று எப்படி நினைத்தேன்? இந்தக் கேள்வி என் வால்வைவிட அதிகம் நெஞ்சை அடைக்கிறது.

உன் மகள் ஆரணி போன பள்ளி விடுமுறையில் இங்கே நின்றாள் அல்லவா. வகுப்பில் முதலாவது வருகிற பிள்ளை என்பதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், வாசிக்கிறவர்கள் அறியட்டும். நிறக் கடுதாசி விளையாட்டில் கலா பார்வையால் நிறம் காட்ட ஆரணி எடுத்துப் போடுவாள். நான் குசினியில் நிற்கிறேன், ஒரே சண்டை. "அப்பம்மா, மாமி அளாப்பிறா. பச்சை இருக்கத் தக்கதா இல்லையெண்டு வாயை இறுக்கிறா." "பாவமடி, அவவுக்கு விளங்கியிருக்காது" என்றேன். "என்ன பாவம், வெண்டிட்டு இப்ப சிரிக்கிறா, வந்து பாருங்கோ" என்றாள். போய்ப் பார்த்தேன். சத்தமில்லாமல், உடம்பு முழுவதும் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கள்ளம் செய்து வெல்லத் தெரியும் அவளுக்கு. நான் அது அறியவில்லை. நான் அவளைப் பாவம் என்று பார்த்துப் பார்த்து, அவளிடம் அப்படி ஒரு குணம் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆரணி பாவம் பார்க்கவில்லை, தோற்கப் பிடிக்கவில்லை, அதனால் கண்டாள். அப்படியானால் நான் காணாத இன்னும் எவ்வளவு இருக்கும்? நீ காணக்கூடியது எவ்வளவு இருக்கும்?

ஆகவே நான் கேட்பது இது. என் ஒப்பரேசனுக்கும் அதற்குப் பிறகு உடம்பு தேற என்னை அனுப்புகிற இடத்துக்கும் சேர்த்து அவளை ஒரு விடுதியில் விட இடம் எடுத்திருக்கிறோம். அதை வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ வந்து நில்லு. சுபாவும் பிள்ளையும் விருப்பமென்றால் பிறகு வரட்டும், முதலில் நீ தனியே நில்லு. கழுவ, ஊட்ட, சளி எடுக்க காலையும் மாலையும் தாதிப் பெண் வந்து பழக்குவாள், கதைத்துவிட்டேன். நீ அக்காவோடுதான் வளர்ந்தாய், ஆனால் ஒரு நாளாவது நான் இல்லாமல் இருந்ததில்லை. அவள் ஒன்று கேட்டால் நீ என்னைப் பார்ப்பாய், "என்னவாம்?" என்பாய், நான் சொல்லுவேன். ஜெர்மனுக்கு நீ எனக்கு வாயாக இருந்ததுபோல, அவளுடைய பேச்சுக்கு நான் உனக்கு வாயாக இருந்துவிட்டேன். நானும் நோகாதபடி வடித்துத்தான் தந்திருப்பேன். இந்த முறை என்னவாம் என்று எனக்கு அழைக்காதே. அவளையே கேள். பெரிய கேள்வியில் தொடங்காதே. எந்தச் சட்டை, எந்தப் பாட்டு, யன்னலைத் திறக்கவோ சாத்தவோ என்று கேள். பிழை விடுவாய், அவள் கோபிப்பாள், கத்த முயல்வாள், திரும்பவும் கேள். நீதிபதி வருகிற டெர்மின் நாள் அதற்குப் பிறகுதான். அவரிடம் நீ கண்டதைச் சொல்லு.

அப்படி நின்று பார்த்து, "அம்மா, அக்கா திரும்ப அந்த மெஷினுக்குப் போக மாட்டன் எண்டுதான் சொல்லுறா" என்று நீ வந்து சொன்னால் என்ன செய்வேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.   அதைக் கேட்கத்தான் எனக்குப் பயம். சட்டத்துக்கும் டொக்டர்மாருக்கும் பயம் என்று இவ்வளவு நேரம் எழுதினேன், எல்லாம் உண்மை, ஆனால் அடியில் கிடக்கிற பயம் இதுதான். இருந்தாலும் உன்னோடு வழக்காட மாட்டேன். நீ அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது என்றால் ஏற்பேன். அவளைப் பார்க்க உனக்குத் தாங்கவில்லை என்பதற்காகச் சொல்லுகிறாய் என்று என் மனதுக்குப் பட்டால், வால்வோடும் குழாயோடும் எழும்பி வந்து நீதிபதியின் கதவைத் தட்டுவேன். அந்த வித்தியாசத்தை நான் கண்டுபிடிப்பேன், உன்னைப் பெற்றவள்.

வீட்டுத் திறப்பை ஹில்டெ அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கடைசியாக ஒன்று, இது நான் மட்டும் அவளிடம் வாசித்தது இல்லை, பகல் நிலையத்திலும் இதையேதான் சொல்லுகிறார்கள். ஆள் வந்தால் அவள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பாள். வெறுங்கை என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற ஆள் என்று தலையைத் திருப்பிக்கொள்ளுவாள், நீ என்ன கேட்டாலும் மறுமொழி வராது. நீ ஹனோவரிலிருந்து காலை ரயிலில் வந்து பின்னேர ரயிலில் போகிறவன், உன் கையில் அவள் ஒரு நாளும் ஒன்றும் கண்டதில்லை. இந்த முறை பெரிய பையோடு வா. அவள் காணும்படி அதை அறையின் நடுவில் வைத்துத் திற. உன் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளுடைய அலுமாரியில் அடுக்கு. அடுக்கி முடிந்த பிறகு கேட்கத் தொடங்கு.

அம்மா